மூடிய குழாய், மூட்டிய தீ

பிரிட்டனில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கும் வாடகைக்குப் போகிறவர்களுக்கும், வரவேற்பறைச் சுவரோரம் ஒரு இரும்பு அடுப்பும் சேர்ந்தே கிடைப்பதுண்டு. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, உள்ளே விறகு, மேலே புகைபோக்கிக்குள் நுழையும் குழாய். 'வுட் ஸ்டவ்' என்பார்கள், 'லாக் பர்னர்' என்பார்கள். 2022இல் எரிவாயுக் கட்டணம் எகிறிய பிறகு, ஆண்டுக்கணக்கில் பூச்சாடி வைக்கும் மேடையாக இருந்த அடுப்புகளுக்கும் மறுபடி மவுசு வந்துவிட்டது. லண்டனை விட்டு வெளியூரில் மலிவாக வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களும் இவற்றை ஆசையோடு பார்க்கின்றன. குளிர் நாட்டில் விறகுத் தீக்கு முன்னால் உட்காரும் சுகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தீக்குச்சியை உரசுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: இந்த அடுப்பின் முதுகில் பாய்லர் இருக்கிறதா? இருந்ததென்றால் அதை என்ன செய்தார்கள்?

பேக் பாய்லர் என்பது தீக்குப் பின்புறத்திலோ, தீயைச் சுற்றி மூன்று பக்கமுமாகவோ அமைந்த தண்ணீர்ப் பெட்டி. எஃகிலோ வார்ப்பிரும்பிலோ செய்திருப்பார்கள். வீட்டுக்கு வீடு கேஸ் பாய்லர் வருவதற்கு முந்திய காலத்தில் குளிக்க வெந்நீர் தந்ததும், சில ரேடியேட்டர்களைச் சூடாக்கியதும் இதுதான். வழக்கமாக 28 மில்லிமீட்டர் செப்புக் குழாய்கள் இரண்டு அதிலிருந்து புறப்படும். சூடான தண்ணீர் கனம் குறைந்து ஒன்றின் வழியாக மாடியிலுள்ள வெந்நீர் சிலிண்டருக்குத் தானே ஏறும். ஆறிய தண்ணீர் மற்றதன் வழியாக இறங்கி வரும். பம்ப் தேவையில்லை. சிலிண்டருக்கும் மேலே, லாஃப்டில், ஒரு சிறு தொட்டி. அந்தத் தொட்டியின் மேல் வளைந்து நிற்கும் திறந்த குழாய்தான் இந்த ஏற்பாட்டின் உயிர். கேஸை ஸ்விட்சைத் தட்டி நிறுத்தலாம். எரிகிற விறகை அப்படி நிறுத்த முடியாது. ஆகவே தண்ணீர் கொதித்தாலும் நீராவி வெளியேற ஒரு வழி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை.

பிறகு வீட்டுக்குக் 'காம்பி' பாய்லர் வருகிறது. சிலிண்டர் வேண்டாம், லாஃப்ட் தொட்டி வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுகிறார்கள். அடுப்பு மட்டும் பார்க்க அழகாக இருப்பதால் தப்பிவிடுகிறது. அப்போது நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணை, பின்னாலை இருந்த ரெண்டு பைப்பையும் வெட்டி, மூடி போட்டு இறுக்கியிட்டன். ஒரு சொட்டுத் தண்ணி வராது."

"அப்ப இனி எரிக்கலாமோ, தம்பி?"

"தாராளமா எரியுங்கோ."

தம்பி சோம்பேறி இல்லை. பயன்படாத குழாயின் முனையை மூடி இறுக்குவது பிளம்பர் தொழிலின் முதல் பாடம். சமையலறையில் சரி, குளியலறையில் சரி. தீக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்கு மட்டும் அந்த நல்ல பழக்கமே எமன். இந்த ஆபத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான்: அரைகுறை வேலைக்காரரிடமிருந்து மட்டுமல்ல, தன் வேலையைச் சுத்தமாக முடிக்கிறவரிடமிருந்தும் இது வரும். பல ஆண்டு கழித்து வேறொருவர் அதே அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் விளைவு தெரியும்.

தண்ணீரை வடித்துவிட்டோமே என்று கேட்கலாம். வடிகால் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவரைதான் தண்ணீர் வடியும். அதற்குக் கீழே, துருவும் சுண்ணாம்புப் படிவும் கிடக்கும் அடிப்பகுதியில், கொஞ்சம் தங்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால் திறந்த வெளியில் சுமார் 1,600 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். மூடிய பெட்டிக்குள் அந்த இடம் கிடைக்காது, அழுத்தமாக மாறும். லாஃப்ட் தொட்டியோடு இணைந்திருந்த நாளில், தொட்டி ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்ததென்றால், அந்தப் பாய்லர் தாங்கிய அழுத்தம் அரை 'பார்' அளவுதான். அதே பெட்டியை மூடி, உள்ளே தங்கிய தண்ணீரை 180 டிகிரிக்குச் சூடாக்கினால் பத்து பார். 250 டிகிரியில் நாற்பதை நெருங்கும். எரிகிற அடுப்பின் உட்புறம் இவற்றையெல்லாம் சுலபமாகத் தாண்டும். வெடிக்கும்போது பெட்டி கிழிவதோடு நிற்பதில்லை. அதிசூட்டில் அடைபட்டிருந்த தண்ணீரின் ஒரு பகுதி அந்தக் கணமே நீராவியாகி, வார்ப்பிரும்புத் துண்டுகளையும் எரிகிற கட்டைகளையும் அறைக்குள் வீசும். அடுப்புக்கு முன்னால் இருப்பது சோபா.

பிரிட்டனின் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிகியூட்டிவ், கைவிடப்பட்ட பேக் பாய்லர்கள் வெடிக்கக்கூடும் என்று தனியாகவே எச்சரித்திருக்கிறது. பழைய கணப்பை மறுபடி திறந்து தீ மூட்டுகிறவர்களுக்கு, சுவருக்குள் அப்படி ஒன்று மறைந்திருப்பதே தெரியாமல் போகலாம் என்பது கவலையின் பெரும்பகுதி.

முழுக்க உலர்ந்த பெட்டியானால்? ஊரில் நம் வீடுகளில் இருந்த செம்பு வெந்நீர் பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கரி எரியும், சுற்றிலும் தண்ணீர் இருக்கும். தண்ணீர் ஊற்றாமல் மூட்டினால் பற்றவைத்த ஈயம் விட்டுப்போகும் என்று பாட்டி சத்தம் போடுவார். எஃகுப் பெட்டிக்கும் அதே கதிதான்; தண்ணீர் இருக்கிறவரை அதன் சுவர் நூறு டிகிரியை அதிகம் தாண்டுவதில்லை. தண்ணீர் போனதும் தீயின் சூடு முழுதும் தகட்டின் மேல். தகடு வளையும், வெல்டிங் விரியும், வார்ப்பிரும்பு பிளக்கும். சூடேறிய வெற்றுப் பெட்டியில் யாராவது பதறிப்போய்த் தண்ணீர் விட்டால் கதை இன்னும் மோசம்: ஒரு நொடியில் நீராவி.

சரி, மூடாமல் குழாயைத் திறந்தே விட்டுவிடலாமா? வெடிக்கும் பயம் நீங்கும். வேறொரு பயம் வரும். தகட்டில் ஓட்டை விழுந்தால் தீயின் புகை பெட்டிக்குள் நுழையும். அங்கிருந்து திறந்த குழாய் வழியே எங்கே போகும்? குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறதோ அங்கே. முன்பு சிலிண்டர் இருந்த அலமாரி பல வீடுகளில் படுக்கையறையை ஒட்டியே இருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நாமே குழாய் போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

மூடினாலும் ஆபத்து, திறந்தாலும் ஆபத்து. அதனால்தான் பாய்லரைத் 'துண்டிப்பது' என்ற வேலையே பாதி வேலை என்கிறேன். பெட்டி வெளியே வர வேண்டும்.

வெளியே வருமா வராதா என்பது அடுப்பின் ஜாதியைப் பொறுத்தது. சில அடுப்புகளில் பாய்லர் தனித் துண்டு; போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். அதே மாடலைப் பாய்லர் இல்லாமலும் அந்த நிறுவனம் விற்றிருந்தால், காலியான இடத்தில் வைக்க ஃபயர் பிரிக்குகளும், குழாய் போன துளைகளை அடைக்கத் தகடுகளும் அவர்களிடமே கிடைக்கலாம். துளையை அடைக்காமல் விட்டால் கட்டுப்பாடில்லாத காற்று உள்ளே போய்த் தீ தறிகெட்டு எரியும்; புகைபோக்கியின் இழுவை குறைந்த நேரத்தில் புகை வெளியே கசியும். வேறு சில அடுப்புகளில் தண்ணீர் உறையே அடுப்பின் உடல். உறையை எடுத்தால் அடுப்பே இல்லை. அந்த வகைக்கு ஒரே வழி, அடுப்பை மாற்றுவது. தயாரிப்பாளரின் கையேட்டில் 'பாய்லர் இல்லாமல் எரிக்கலாம்' என்று எழுதியிருந்தால் சரி. எழுதவில்லையென்றால் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். நிறுவனமே மூடிப்போயிற்றென்றால், பதில் 'கூடாது' என்றே வைத்துக்கொள்வது நல்லது.

திறந்த கணப்பின் பின்னால் செங்கலோடு செங்கலாகப் புதைந்த பழைய வார்ப்பிரும்புப் பாய்லரை எடுக்க முடியாத சமயங்களில், தொழில்காரர்கள் அதை முழுதும் வடித்து, தீப்பக்கமாகத் துளை போட்டு, ஆவி புகைபோக்கிக்குள்ளேயே போகும்படி செய்துவிடுவார்கள். இனி அது அழுத்தம் தாங்கும் பாத்திரம் இல்லை. இது டிரில் வைத்திருக்கும் மைத்துனரை வைத்துச் செய்யும் வேலையல்ல.

சொந்தமாகப் பார்க்க முடிவது எவ்வளவு? நிறையவே. தீ இல்லாத நாளில், சாம்பலை அள்ளிவிட்டு, முழங்காலிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பின்சுவரும் பக்கங்களும் வெளிர் மஞ்சளாக, செங்கல் பதித்ததுபோல, விளிம்பில் சற்று உதிர்ந்தாற்போல இருந்தால் அது ஃபயர் பிரிக். அந்த இடத்தில் தார் படிந்து கறுத்த வெற்று உலோகத் தகடு இருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு கையை வெளிப்பக்கம் கொண்டுபோய் அடுப்பின் முதுகையும் விலாவையும் தடவினால், ஒரு அங்குலக் குழாய் திருகும் அளவுக்கு வட்டமான புடைப்புகள் தட்டுப்படலாம். இரண்டு அல்லது நான்கு. அவற்றில் பித்தளை மூடி இறுகியிருந்தாலோ, தடித்த செப்புக் குழாய் புறப்பட்டுச் சுவருக்குள் நுழைந்து மறைந்தாலோ, நசுக்கி மடித்த குழாய் முனைமேல் பெயிண்ட் அடித்திருந்தாலோ, அன்றைக்குத் தீ மூட்ட வேண்டாம். லாஃப்டில் பெரிய குளிர்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வாளி அளவில் இன்னொரு சிறு தொட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பாய்லர் இன்னும் இணைப்பில் இருக்கலாம்; தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, அது உறைந்துபோயிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கடுங்குளிரில் மேலேயுள்ள குழாய்கள் உறைந்து அடைத்துக்கொண்டால், இணைப்பில் உள்ள நல்ல பாய்லரும் மூடிய பெட்டிதான்.

ஒரு எச்சரிக்கை. பழைய அடுப்புகளின் கதவுக் கயிறு, குழாய் உறை, தொட்டி முதலியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனில் அதற்கு முழுத் தடை வந்தது 1999இல்தான். சந்தேகம் இருந்தால் சுரண்டாதீர்கள், பெருக்காதீர்கள்.

பாய்லர் போன பின் மாறுவது

பாய்லரை முறையாக எடுத்துவிட்டோம், துளைகளை அடைத்துவிட்டோம். இனி பழையபடி எரிக்கலாம் என்று நினைப்பதுதான் அடுத்த சறுக்கல். உதாரணத்துக்கு, 13 கிலோவாட் என்று விற்ற பாய்லர் அடுப்பில் 8 தண்ணீருக்கும் 5 அறைக்கும் போயிருக்கலாம். இப்போது தண்ணீர் இல்லை. நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 4 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. மணிக்கு மூன்று கிலோ போட்டால், கால் பங்குக்குமேல் புகைபோக்கியில் போனதாக வைத்துக்கொண்டாலும், எட்டு கிலோவாட்டுக்குமேல் அறைக்குள் இறங்கும். நான்கு மீட்டருக்கு ஐந்து மீட்டர் அறைக்கு, தொழில்காரர்களின் மனக்கணக்குப்படி, மூன்றரை கிலோவாட் போதும். வியர்த்துக் கொட்டும். என்ன செய்வோம்? காற்றுத் துவாரத்தை மூடி, தீயைப் புகைய விடுவோம். புகைகிற தீதான் தார் உற்பத்திக்கூடம்.

தார் பற்றிப் பேசும்போது, பழைய தாரையும் கணக்கில் எடுக்க வேண்டும். தண்ணீர்ப் பெட்டி தீயைக் குளிர்வித்துக்கொண்டே இருந்ததால், பாய்லர் அடுப்புகளில் புகை அரைகுறையாக எரிந்து தாராகப் படிவது சகஜம். பல வருடத் தார் புகைபோக்கியின் உள்சுவரில் பளபளவென்று ஒட்டியிருக்க, இப்போது முன்னைவிடச் சூடான புகையை அதன் வழியே அனுப்புகிறோம். தார் பற்றிக்கொண்டால் புகைபோக்கித் தீ: ரயில் வருவதுபோல் இரைச்சல், கூரைக்கு மேலே நெருப்புப் பொறி, சுவருக்குள் செங்கல் வெடிப்பு. எனவே பாய்லரை எடுத்தபின் போடும் முதல் தீக்கு முன்னால் புகைபோக்கியைத் துலக்கியே ஆக வேண்டும். விறகு எரிக்கிறவர்களைப் பருவத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை துலக்கச் சொல்வார்கள். நிறைய பேர் ஆண்டுக்கு ஒரு தடவையோடு விட்டுவிடுகிறார்கள். துலக்குபவர் தரும் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். தீ விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் அதைக் கேட்கலாம்.

அடுப்பின் முதுகும் மாறுகிறது. முன்பு பின்பக்கத் தகட்டைத் தண்ணீர் குளிர்ச்சியாக வைத்திருந்தது. அதனால் சுவருக்கும் மரத்துக்கும் நெருக்கமாக அடுப்பை வைத்திருக்கலாம். இப்போது அதே இடைவெளி போதாமல் போகலாம். பக்கத்திலுள்ள மர உத்தரம், பிளாஸ்டர்போர்டு, அலங்கார மேன்டல் எல்லாவற்றையும் பாய்லர் இல்லாத மாடலுக்குரிய தூரத்தை வைத்து மறுபடி அளக்க வேண்டும்.

காற்றோட்டத்துக்கும் கணக்கு உண்டு. இங்கிலாந்துக் கட்டட விதிகளுக்கான வழிகாட்டியான 'அப்ரூவ்டு டாக்குமென்ட் ஜே', காற்று கசியும் பழைய வீடுகளில் முதல் 5 கிலோவாட்டை விட்டுவிட்டு, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் நிரந்தரத் திறப்பு கேட்கிறது. 8 கிலோவாட் அடுப்புக்கு 1,650. காற்றுப்புகாத புதிய வீடானால் சலுகை கிடையாது. முழு எட்டுக்கும் கணக்கிட்டு 4,400. நிரந்தரம் என்றால் மூட முடியாதது என்று அர்த்தம். டிசம்பர் மாதம் காலில் குளிர்காற்று படுகிறதென்று அந்தக் கிராதியில் பழைய துண்டைத் திணிக்கிற வீடுகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். இன்னொன்று நம்மவர் வீட்டுக்கே உரியது. மீன் பொரித்த வாசனை திரைச்சீலையில் ஏறாமலிருக்க, பெரிய எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் போட்டிருப்போம். திறந்த சமையலறையும் வரவேற்பறையும் ஒன்றாக இருக்கும் வீட்டில் அந்த ஃபேன், புகைபோக்கி வழியே போக வேண்டிய புகையைத் திருப்பி அறைக்குள் இழுக்கும். அடுப்பைச் சோதிக்க வருகிறவரிடம், ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டுப் புகை திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான ஆசையோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். காய்ச்சல் மட்டும் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, கடைக்குப் போய்வந்தால் தெளிந்துவிட்டால், அது ஃப்ளூ காய்ச்சலாக இருக்க வாய்ப்புக் குறைவு. அலாரம் வாங்கும்போது பி.எஸ். இ.என். 50291 என்ற தர எண்ணைப் பாருங்கள். அடுப்பிலிருந்து பக்கவாட்டில் ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள், கூரையிலானால் சுவரைவிட்டு 30 சென்டிமீட்டராவது தள்ளி மாட்டுங்கள். சுவரிலானால் கதவு ஜன்னல்களைவிட உயரத்தில், கூரையை ஒட்டாமல். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. காலாவதித் தேதி அதன் முதுகிலேயே அச்சாகியிருக்கும். அது கத்தினால் ஜன்னல் கதவைத் திறந்து எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து 999ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்றி அடுப்பை அணைக்க உள்ளே நிற்க வேண்டாம். மூடிய பாய்லர் என்று தெரியவரும்போது தீ ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தாலும் இதேதான்: விறகு போடுவதை நிறுத்தி, அறையைவிட்டு எல்லோரையும் வெளியேற்றி, தட்டுவது போலவோ இரைவது போலவோ சத்தம் வந்தால் வீட்டைவிட்டே வெளியேறி தீயணைப்புத் துறையை அழைப்பது.

யாரைக் கேட்பது, எதைக் கேட்பது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விறகு அடுப்பைப் பொருத்துவது கட்டட விதிகளுக்கு உட்பட்ட வேலை. 'ஹீட்டாஸ்' போன்ற அமைப்பில் பதிவுபெற்றவர் செய்தால், அவரே சான்றளித்துக் கவுன்சிலுக்குத் தகவல் போய்விடும். உங்கள் கைக்கும் ஒரு சான்றிதழ் வரும். பதிவில்லாதவர் செய்தால், வேலை தொடங்கும் முன் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு விண்ணப்பித்து, அவர்கள் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நடைமுறை வேறு. அங்கே உள்ளூர்க் கவுன்சிலையே கேட்க வேண்டும். கேஸ் பதிவு பெற்றிருக்கிறார் என்பதற்காக ஒருவருக்கு விறகு அடுப்பு தெரியும் என்று ஆகாது. அதேபோல, கணப்புக்குப் பின்னால் இருப்பது கேஸில் ஓடும் பேக் பாய்லர் என்றால், விறகு அடுப்புக்காரர் அதைத் தொடக்கூடாது. 'கேஸ் சேஃப்' பதிவுள்ளவர் மட்டுமே தொடலாம். அட்டையைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம், நம்ம ஊர்ப் பையனாக இருந்தாலும்.

விலை பேசும்போது, 'பாய்லரைத் துண்டிக்க' என்று கேட்காதீர்கள். 'பாய்லரை அகற்றி, துளைகளை அடைத்து, ஃபயர் பிரிக் வைத்து, புகைபோக்கியைச் சோதித்துச் சான்று தர' என்று எழுதிக் கேளுங்கள். வெந்நீர் சிலிண்டர் தொடர்ந்து இருக்கப்போகிறதென்றால் மிச்சக் குழாய்த் துண்டுகளை அதன் அருகிலேயே வெட்டி நீக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் முட்டுக்குழாயில் லீஜியோனெல்லா கிருமி வளரலாம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பல சமயம் புதிய அடுப்பின் விலையை நெருங்கும். என்னைக் கேட்டால், இருபது வயதான பாய்லர் அடுப்பைத் திருத்துவதைவிட அறையின் அளவுக்கேற்ற சிறிய அடுப்பாக மாற்றுவதே மேல். 2022 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் புதிய அடுப்புகள் 'எக்கோடிசைன்' வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதால் புகையும் குறைவு.

வாடகைக்கு இருக்கிறவர்களுக்குக் கைவசம் சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் 2015 அக்டோபர் முதல் விறகோ கரியோ எரியும் அடுப்பு உள்ள ஒவ்வொரு அறையிலும் தனியார் வீட்டு உரிமையாளர் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்க வேண்டும். 2022 அக்டோபரில் சமூக வீடுகளுக்கும் இது விரிந்தது. புது வாடகை தொடங்கும் நாளில் அது வேலை செய்கிறதா என்று சோதித்திருக்க வேண்டும்; பழுதென்று நீங்கள் சொன்னால் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும். செய்யவில்லையென்றால் கவுன்சில் அறிவிப்பு அனுப்பும், 28 நாள் அவகாசம், அதற்குப் பிறகு 5,000 பவுண்டு வரை அபராதம். இது அலாரத்துக்கு மட்டும். அடுப்பு ஆபத்தாக இருக்கிறதென்றால் 1985ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இருக்கிறது: வீட்டைச் சூடாக்கவும் வெந்நீருக்கும் உள்ள அமைப்புகளைப் பழுதின்றி வைப்பது உரிமையாளர் பொறுப்பு. மனிதர் வாழத் தகுந்த நிலையில் வீடு இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. வீட்டின் ஆபத்துகளைக் கவுன்சில் மதிப்பிடும் முறையில் 29 வகை உண்டு. கார்பன் மோனாக்சைடு ஒரு வகை, வெடிப்பு இன்னொரு வகை. கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவை அழைத்து இந்த இரண்டு சொற்களையும் சொன்னால் அவர்களுக்குப் புரியும். அதற்கு முன் ஏஜென்டுக்கு எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போகும். "இந்த அடுப்பில் பேக் பாய்லர் உள்ளதா? இருந்தால் யார், எப்போது, எப்படி நீக்கினார்கள்? சான்றிதழின் நகல் வேண்டும். அதுவரை எரிக்கமாட்டோம். மாற்று வெப்பத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்" என்ற நான்கைந்து வரி மின்னஞ்சல் போதும். புகைப்படத்தையும் இணையுங்கள்.

வேலையைக் கெடுத்துவிட்டுப் போனவர் விஷயத்தில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் துணை வரும். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யாத வேலையை மறுபடி செய்துதரச் சொல்லலாம். அது நடக்காவிட்டால் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கையை வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு நடைமுறையில் கொண்டுபோகலாம். பதிவுபெற்றவர் என்றால் பதிவு அமைப்பிடமும் புகார் செய்யலாம். ரசீது இல்லாமல் கையில் காசு கொடுத்த வேலைக்கு இதையெல்லாம் நிரூபிப்பது பெரும்பாடு. ஐம்பது பவுண்டு மிச்சம் பிடித்த சந்தோஷம் அப்போது நினைவுக்கு வராது.

விறகைப் பற்றிச் சுருக்கமாக. இங்கிலாந்தில் 2021 மே முதல், இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 'ரெடி டு பர்ன்' முத்திரை அதற்குத்தான். ஈர விறகு புகையும், தார் படியும். பெயிண்ட் அடித்த பலகை, பழைய பாலட், வேலிக் கட்டை இவற்றை எரிப்பது நச்சுப்புகையை விலைகொடுக்காமல் வாங்குவது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில், லண்டனின் பெரும்பகுதி உட்பட, விறகெரிக்க விலக்கு பெற்ற அடுப்பு வேண்டும். அந்த விலக்கு ஒரு மாடலுக்கு, அதன் தயாரிப்பாளர் சொன்ன முறையில் எரிப்பதற்காகத் தரப்படுவது. வீட்டில் அறுத்து ஒட்டிய அடுப்புக்கு அது பொருந்தும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. புகை விட்டால் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் விதிக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு.

வீடு வாங்குகிறவர்கள் சர்வே அறிக்கையை நம்பி இருந்துவிடக் கூடாது. சாதாரண சர்வேயர் அடுப்பைப் பற்றவைத்தோ புகைபோக்கியை உள்ளே பார்த்தோ சோதிக்கமாட்டார். 'சோதிக்கப்படவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார். விற்கிறவர் நிரப்பும் வீட்டு விவரப் படிவத்தில் அடுப்பு பற்றிய சான்றிதழ் இருக்கிறதா என்று உங்கள் சொலிசிட்டரைக் கேட்கச் சொல்லுங்கள். மின்சார ஃப்யூஸ் பெட்டி அருகிலோ கணப்புக்குப் பக்கத்திலோ, புகைபோக்கியின் விவரம் பொறித்த சிறு தகடு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். முறையாகப் பொருத்தியிருந்தால் அது இருக்க வேண்டும். சான்று இல்லாமல் நடந்த பழைய வேலைக்கு, 1985 நவம்பர் 11க்குப் பிறகு செய்ததாக இருந்தால், இப்போதும் கவுன்சிலிடம் 'ரெகுலரைசேஷன்' சான்று கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு அடுப்பைத் திறந்து காட்ட வேண்டிவரும், செலவும் உண்டு. விலை பேசும் மேசையில் அதை யார் ஏற்பது என்பதை அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்களே பாய்லரை எடுக்க வைத்தால், எடுத்த பெட்டி பழைய இரும்புக்குப் போவதற்கு முன், அதன் இரண்டு குழாய் வாய்களும் தெரியும்படி ஒரு படம், பெட்டி இல்லாத அடுப்பின் உட்புறம் ஒரு படம், துளைகளை அடைத்த தகடு ஒரு படம் எடுத்துச் சான்றிதழோடு வையுங்கள். அடுத்து அந்த வீட்டுக்கு வருகிறவரின் சொலிசிட்டர் அதைத்தான் கேட்பார்.